விளையாடாத வருடத்தின் கட்டணம்

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. இந்த வருடம் ஹாஸ்டலில் ஒரு விளையாட்டுப் போட்டிகூட நடக்கவில்லை. அதற்காகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கையெழுத்துப் போட அப்பா வர வேண்டும் என்றார் வார்டன் மேடம். போனில் அப்பாவிடம், "மேடம் வரச் சொன்னாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

இன்று சிமென்ட் ஆலை ஷிஃப்டை விட்டுவிட்டு ரெட்டிபாளையத்திலிருந்து பெரம்பலூர் வந்தார். ஆபீசுக்குள் நுழைந்ததுமே கும்பிட்டார். "புள்ள தெரியாம பண்ணிடுச்சுங்க மேடம். இந்த ஒருவாட்டி மன்னிச்சு வுட்டுருங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "சரி, பரவால்ல. இனிமே பாத்துக்கங்க" என்று கையெழுத்து வாங்காமலே ஃபைலை மூடிவிட்டார். பணத்தைப் பற்றிச் சொல்லாமலே அப்பா பின்னால் வெளியே வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை?

பஸ் ஸ்டாண்டில் டீயை என்னிடம் நீட்டிக்கொண்டே அப்பா மெதுவாகக் கேட்டார்: "இப்பவாவது சொல்லும்மா, என்ன தப்பு பண்ணுன?"