மேலே காத்திருந்தவர்

மாக் மண்டின்
6.2.2026

என்னங்க,

அக்கா வீட்டில் நலமாக இருக்கிறேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? போனில் பேசினால் 'ம்' என்பதற்கு மேல் உங்களிடமிருந்து எதுவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் இருதய ஆபரேஷனுக்காக நேர்ந்துகொண்ட பால்குடம் அது. தைப்பூசத்தன்று மலைக்கோயில் அடிவாரத் தண்ணீர்ப் பந்தலருகே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார். திரும்பிப் பார்த்தேன், நீங்கள் இல்லை. பாலை அடிவாரச் சந்நிதியிலேயே செலுத்திவிட்டு, மேலே ஏறாமல் அக்காவோடு இங்கே வந்துவிட்டேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் ஃபேக்டரிப் பயிற்சியில் எங்களைக் குணத்தை வைத்து வகை பிரித்தார்கள். கூட்டத்துக்குள் நுழைந்ததும் சிலர் முகங்களைப் பார்ப்பார்களாம், சிலர் வெளியேறும் வழியைப் பார்ப்பார்களாம். இரண்டாவது வகை ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஷாஹிராவிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. உறுமி மேளம் தாங்காமல் ஓடிவிட்டீர்களா? அதைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருவதைப் பிறகு பார்க்கலாம்.

மோகனா

ஜார்ஜ்டவுன்
11.2.2026

அன்பு மோகனா,

மாத்திரை போடுகிறேன். மேளம் எனக்குத் தாங்காதுதான், ஆனால் அதற்காகப் போகவில்லை. போன வருடம் பால்குடம் எடுத்தவர்கள் பலர் மேல்படிகளில்தான் மயங்கிச் சாய்ந்தார்கள். கீழே உன்னைச் சுற்றி அக்காவும் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். மேலே உனக்கு யாருமில்லை. அதனால் முன்கூட்டியே ஏறிப்போய் நின்றேன். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. அங்கங்கே உட்கார்ந்துதான் ஏறினேன்.

உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உனக்கே தெரியும் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. வந்துவிடு.

தயாளன்

மாக் மண்டின்
18.2.2026

அன்புள்ள தயாளன்,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறியிருக்கிறீர்கள். "நல்ல மனுசன்லா, இன்னும் என்னடி உனக்கு?" என்கிறாள் அக்கா. நல்லவர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அம்மா இறந்த அன்று நீங்கள் சுடுகாட்டு ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டீர்கள். நம் குழந்தை கலைந்த அன்று காரை வாசலுக்குக் கொண்டுவரப் போய்விட்டீர்கள். எல்லாம் எனக்காகத்தான். அடுத்து என்ன வரும் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்தில் அழுகிறவள் தெரிவதில்லை. எனக்கோ பக்கத்தில் ஆள் இல்லையென்றால் வேறெதுவும் தெரிவதில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்ல? இப்படியே இன்னும் எத்தனை வருடம் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை என் துணிமணிகளை எடுக்க வருகிறேன். தயவுசெய்து பெட்டியை முன்கூட்டியே கட்டி வைத்துவிடாதீர்கள். நான் கட்டி முடிக்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும்.

மோகனா