கைப்பட்டை அனுப்பிய எண்கள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள், மாத்திரையும் போட்டுக்கொள்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் மறதிக்காக, அவர் இருக்கும் இடத்தைக் காட்ட நீ வாங்கி அனுப்பிய கைப்பட்டை உதவியதா என்று கேட்டாய். அன்று மழுப்பிவிட்டேன். பட்டைமேல் குற்றமே இல்லை.

அவர் காணாமல் போன காலையில் போனில் அதன் செயலியைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. கம்பெனியையே மூடிவிட்டார்களாம். ஆனால் பட்டை மட்டும் பத்து நிமிடத்துக்கொரு தரம் தன்பாட்டுக்குச் சிக்னல் விட்டுக்கொண்டிருந்தது. துளி மின்சாரத்தில் பல கிலோமீட்டர் போகிற ரகம். ரேடியோ ரிப்பேர்க்காரன் அல்லவா நான்? கட்டைவிரல் அளவு ரிசீவரை லேப்டாப்பில் செருகியதும் திரையில் சாய்ந்த கோடுகளாக வந்தது. அதைப் பிரித்துப் படித்தால் இடம் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா பின்னால் வந்து நின்று, "கிட்ட போனா சிக்னல் பெருசாத் தெரியும்ல? அதத் தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போயேண்டா" என்றாள். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு நாள். மென்பொருளில் ஓர் அளவைத் தப்பாக வைத்திருக்கிறேன்; வந்ததெல்லாம் குப்பை. மூன்றாம் நாள் மதியம் வெறுத்துப்போய், அம்மா சொன்னபடியே லேப்டாப்போடு ஸ்கூட்டரில் கிளம்பினேன். பட்டையிலிருந்து ஒன்பதே சிக்னல், ஒன்றரை மணி நேரம்; அது பெரிதாகிற பக்கமாகவே போனேன். பாழடைந்த பம்ப் அறை. உள்ளே போனவர் வெளியே வர முடியாதபடி கதவு சிக்கிக்கொண்டிருக்கிறது.

முதல் நாளே தூக்கத்தில் போய்விட்டார் என்று டாக்டர் அம்மாவைத் தேற்றினார். அம்மா நம்பிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், "எம் பையன்தான் கண்டுபிடிச்சான்" என்கிறாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

சிக்னல் எல்லாம் பதிவாகியிருந்தது. எல்லாம் முடிந்தபின் சரியான அளவை வைத்து ஓட்டிப் பார்த்தேன். இடத்துக்கான எண்கள் வெறும் பூஜ்யம். கூரைக்கடியில் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காதாம். பக்கத்தில் இன்னோர் எண், கை அசைவைக் காட்டுவது. மூன்றாம் நாள் காலை பத்தே கால் வரை அது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

கடையைத் திறக்கவில்லை. திறக்கவும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். எனக்கு மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டி நாலு வரி எழுது. ஆறுதல் சொல்லிவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்