கும்மி தட்டி வாங்கிய கம்ப்யூட்டர்

ஏனுங்க,

வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். இன்று காலை அலமாரியிலிருந்து உங்கள் பழைய லேப்டாப்பை எடுத்தேன். பேட்டரி உப்பி அடிப்பக்கம் வளைந்துவிட்டது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. இதை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று சர்வீஸ்காரர் சொல்லியிருந்தார். கொடுப்பதற்கு முன் துடைக்கலாமென்று உட்கார்ந்தேன். ஈரத்துணி பட்டதும் சந்தன வாசம் வந்தது. மண்டப வாசலில் சந்தனம் தொட்ட விரலோடு நேராக வந்து கீபோர்டைத் தட்டுவீர்கள். எத்தனை முறை கத்தியிருப்பேன், ஒருநாளாவது கேட்டீர்களா? பாதி துடைத்தேன். மீதியைத் துடைக்க மனசு வரவில்லை, அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சென்னிமலைக் கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டுப் போன கடைசி வேலை அது. உங்களுக்குப் பதிலாக நான்தான் நின்று பாட்டு ஓட்டினேன். நம்ப மாட்டீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலிலிருந்து என்றால் உங்கள் முதல் கம்ப்யூட்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு டிஜே ஆகப்போகிறேன் என்று நின்றீர்களே, அப்போது காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கி வந்தது. கீபோர்டு முழுக்கச் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடும். மூடியில்கூட விளக்கு. ஊர்த் திருவிழாவில் சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது. "கண்ணு, மேடையில வெச்சா ஜம்முனு இருக்கும் பாரு" என்று அதைத் தடவித் தடவிக் காட்டினீர்கள். பாட்டு ஓடுமா என்று கேட்டேன். "பாட்டு எதுலயும் ஓடும்" என்றீர்கள்.

அது ஓடாமல் நின்ற இடம் காங்கேயம். ஒரு பூப்புனித நீராட்டு விழா, பகல் விசேஷம். பெண்கள் எல்லாரும் வட்டமாக நின்று வள்ளி கும்மி ஆடத் தொடங்கியிருந்தார்கள். நானும் சும்மா இருக்க முடியாமல் வட்டத்துக்குள் புகுந்துவிட்டேன். கை தட்டக் குனிந்த நேரத்தில் பாட்டு அறுந்தது. திரும்பிப் பார்த்தால் திரை முழுக்க நீலம், நடுவில் ஒரு சின்ன வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்டர்நெட்டை அணைக்க மறந்திருந்தீர்கள். கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நீங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றீர்கள். விசேஷ வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பொட்டி தூங்கிப்போச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் தூக்கிய கையோடு நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பந்திக்குப் போய்விட்டார்கள். கும்மி வட்டம் ஒருதரம் கலைந்தால் கலைந்ததுதான். பொட்டி விழித்தபோது ஆட ஆளில்லை.

வண்டியில் திரும்பி வந்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "அடுத்த பொட்டிய நீ பாத்து எடு அம்மணி. நான் பாத்தா லைட்டத்தான் பாப்பேன்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? கும்மி தெரியும். அதையே வைத்துப் பார்த்துவிடலாமென்று தோன்றியது. கும்மிப் பாட்டு மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகமெடுத்து, கடைசியில் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடும். நடுவில் இமைக்கும் நேரம் சத்தம் தடுமாறினாலும் காதுக்குத் தெரியாது, ஆனால் தட்டுகிற கைக்குத் தெரிந்துவிடும். பாட்டை ஓட்டவும் வேகம் மாற்றவும் நாம் வைத்திருந்த டிஜே பலகையையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனோம். ஒவ்வொரு லேப்டாப்பிலும் பலகையை மாட்டி அந்தப் பாட்டை நீங்கள் ஓட்டினீர்கள். நான் காதில் மாட்டிக்கொண்டு கடை நடுவில் நின்று தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சார்ஜரைப் பிடுங்குவீர்கள், மறுபடி சொருகுவீர்கள், பலகையின் ஒயரை மெல்ல ஆட்டிப் பார்ப்பீர்கள். கடைக்காரப் பெண், "சார், மேடத்துக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். "செக் பண்றாங்க" என்றீர்கள், ஏதோ பெரிய இன்ஜினியரை அழைத்து வந்தது போல.

அப்படித் தட்டி எடுத்ததுதான் இந்தச் சந்தனம் ஒட்டிய பெட்டி. வாங்கி வந்ததும் வேண்டாததையெல்லாம் அதிலிருந்து அழித்தீர்கள். தானாகப் புதுப்பிக்கும் வேலையை நிறுத்தி வைத்தீர்கள். விசேஷம் இல்லாத நாளில் நீங்களே உட்கார்ந்து புதுப்பித்து, மறுபடி ஒருதரம் முழுப்பாட்டும் ஓட்டிப் பார்ப்பீர்கள். நான் அதில் சீரியல் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, "சாமி ரூம்ல துணி காயப்போடுவியா?" என்று கேட்டவர்தானே நீங்கள். எத்தனையோ மண்டபம் பார்த்தது அது. ஒருநாளும் நம்மைத் தலைகுனிய வைக்கவில்லை.

நீங்கள் மாரடைப்பில் போன பிறகு அதைத் திறக்கவேயில்லை. ஸ்பீக்கரையும் ஆம்பையும் விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். விற்றுவிடலாமென்றுதான் நானும் இருந்தேன். அப்போது சென்னிமலைக் கல்யாணப்பெண்ணின் அம்மா போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு, "தேதி அப்படியே இருக்குதுங்க அம்மணி. அவரு சாப்புடப் போற நேரத்துல நீங்கதான ஓட்டுவீங்க, நான் ரெண்டு எடத்துல பாத்திருக்கறனுங்க. நீங்களே வந்துருங்க" என்றார்.

கல்யாணத்துக்கு நான் எப்படிங்க வருவது என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை ஊட்டுல ஒண்ணு ரெண்டு பேரு பேசுவாங்க. பேசீட்டுப் போறாங்க, உடுங்க" என்றார்.

அவர் விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை. படுத்தால் ஒரே நினைப்பு. காங்கேயத்தில் பொட்டி நின்றபோது பொட்டி நின்றது என்றார்கள். சென்னிமலையில் நின்றால் யாரும் பொட்டியைச் சொல்ல மாட்டார்கள். புருசனைப் பறிகொடுத்தவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும் என்பார்கள். அந்தப் பெண் நாளைக்குத் தலைவலி என்று படுத்தால்கூட அதையும் என் தலையில் கட்டுவார்கள். அதனால், பேட்டரி உப்பிய பழைய பெட்டிக்குப் பதிலாக நான் வாங்கப்போகும் கம்ப்யூட்டர் நிற்கவே கூடாது. ஒரு நொடி திக்கக்கூடக் கூடாது. இதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? "நல்லா ஒழைக்கற மாதிரி வேணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

தனியாகப் போயிருந்தேன். முதலில் காட்டியது மெல்லிசாக, வெள்ளித்தட்டு மாதிரி இருந்தது. பார்த்திருந்தால் நீங்கள் மயங்கியிருப்பீர்கள். பலகையை மாட்டி, பாட்டை ஓட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நின்றேன். கை எழவில்லை. கும்மி தட்டி எத்தனை மாதம் ஆகியிருந்தது! சுற்றிலும் ஆள், வெளிச்சம், நெற்றியில் பொட்டில்லாத நான். மேசைக்குக் கீழே மறைத்து மெதுவாகத் தட்டினேன். அப்படித் தட்டினால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாது, உங்கள்மேலாகக்கூட இருக்கலாம். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நன்றாகக் குனிந்து, நிமிர்ந்து தட்டினேன். சார்ஜரைச் சொருகியதும் அந்த வெள்ளித்தட்டு கொர்ரென்றது. வேகமான இடத்தில் ஒரு தட்டு தப்பியது. வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

கடைசியில் எடுத்தது சாம்பல் நிறம், கனம், பார்க்க ஒன்றுமில்லை. எருமை மாதிரி இருக்கிறதே என்றிருப்பீர்கள். சார்ஜரைப் பிடுங்கினேன், சொருகினேன், ஒயரை ஆட்டினேன், அடிப்பக்கம் கைவைத்துச் சூடு பார்த்தேன். முழுப்பாட்டுக்கும் ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. நான் நிறுத்தியதும் பக்கத்தில் டிவி பார்க்க வந்திருந்த ஒரு அம்மா, "இன்னொருக்கா தட்டுங்க கண்ணு, நல்லாருந்துச்சு" என்றார்.

சென்னிமலை மண்டபத்துக்கு, முகூர்த்தம் முடிந்த பிறகு வந்தால் போதுமென்று நானே நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு போனேன். மத்தியான வரவேற்பு. சமையல் கட்டுப் பக்கம் ஓர் ஓரமாக மேசையைப் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் என்னைப் பார்த்தார், மேசைக்குப் பக்கத்தில் இருந்த சீர்த்தட்டுகளை எடுத்து அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வேண்டிய அளவுக்குச் சொன்னார். பெண்ணின் அம்மா கண்ணில் அது பட்டுவிட்டது. "ஏனுங்க அம்மணி, ஓரத்துல போட்டா யாருக்குங்க கேக்கும்? நடுவுல போடுங்க" என்று மேசையின் ஒரு முனையை அவரே தூக்கினார். பட்டுச்சேலையோடு.

பாட்டு நன்றாகத்தான் போனது. பிறகு கும்மி. பெண்ணின் அம்மா உட்பட உறவுப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டி வட்டம் கூட்டினார்கள். வேகம் ஏறிக்கொண்டிருந்தபோது, ஏனுங்க, கரண்டு போய்விட்டது. விளக்கு, விசிறி, ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக அணைந்தன. அந்த அமைதியில் பெரியம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "பாத்தீங்களா? நாஞ் சொன்னனில்ல?"

ஆனால் பெண்ணின் அம்மா, "நிறுத்தாதீங்க! பாடுங்க, தட்டுங்க!" என்று கத்தினார். அவரே பாட்டை எடுத்தார். வட்டம் கலையாமல் சுற்றியது.

குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர்தான் செத்திருந்தது. சாம்பல் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகையும் உயிரோடு இருந்தது. ஒரு காதில் ஹெட்போனை அழுத்தினேன், அதில் நம் பாட்டு. திறந்த காதில் அவர்கள் தட்டும் சத்தம். மேளம் இல்லாவிட்டால் கும்மிக்காரர்கள் வேகம் கூட்டிவிடுவார்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான். பாட்டு பின்தங்கியிருந்தது. அவர்கள் பாடிய அடிக்குப் பாட்டைத் தள்ளி வைத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, விரலால் பலகையின் வட்டத் தட்டை மெல்லத் தள்ளி, இரண்டு காதிலும் ஒரே தட்டாகக் கேட்கும்வரை பிடித்தேன். ஜெனரேட்டர் உறுமியது. ஆம்ப் எழும்வரை பொறுத்து, சத்தத்தை மெதுவாகத் திறந்தேன். பாட்டு அவர்கள் கைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிட எனக்கு என்ன வேண்டும்? நான் அழுதுவிட்டேன்.

பந்தி முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியம்மா வந்தார். பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "எம்பட பேத்திக்குத் தை மாசம் கல்யாணமுங்க, அன்னூர்ல. நீங்களே வந்தர்றீங்களா?" என்றார். சீர்த்தட்டை எங்கே வைப்பீங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். "வந்தர்றனுங்க" என்றேன். ஆம்பும் ஸ்பீக்கரும் இனி விற்பனைக்கு இல்லை.

ஆனால் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. விசேஷ வீட்டில் நான் எப்போதும் உங்கள் பக்கத்தில்தான் நிற்பேன், ஹெட்போன் மாட்டாத உங்கள் திறந்த காதில் பேசிக்கொண்டே இருப்பேன். சோறு தீரப்போகுது வாங்க, அந்தச் சேலையைப் பாருங்க, எனக்கு இடுப்பு வலிக்குது. நீங்கள் என் பக்கம் குனிந்து, கேட்டு, சிரித்துத் தலையாட்டுவீர்கள். அந்தக் காதுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளம் பிடிக்கிற காது அது என்று சென்னிமலையில்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியென்றால் நான் பேசிய ஒவ்வொரு முறையும் கையிலிருந்த தாளத்தை விட்டுவிட்டா எனக்குக் காது கொடுத்தீர்கள்? "கொஞ்சம் இரு" என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லையே நீங்கள்.

சென்னிமலையில் அன்றைக்கும், கும்மிக்குப் பிறகு ஒரு பாட்டின் பாதியில், கல்யாணப்பெண் ஓடிவந்து என் காதில் ஏதோ சொல்ல வந்தாள். கை தாளத்தில்தான் இருந்தது. விட்டுவிட்டுக் குனிந்தேன்.