சர்வர் அறை

மார்ச் 3
அண்ணன் புது விளம்பரத்தை வாசல் கண்ணாடியில் ஒட்டினான். ‘சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் வருமான வரிக் கணக்கை எங்கள் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.’

இயந்திரம் என்றால் நாங்கள்தான். பின்னறையில் ஏழு பெண்கள். படம் வந்ததும் கண்ணால் படித்து, கையால் தட்டி, வரியைக் கணக்குப் போட்டு அனுப்புகிறோம். அதுவரை வாடிக்கையாளரின் திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். “இன்ஜின் சூடாயிடுச்சா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்பான் அண்ணன். எல்லாரும் சிரிப்போம். சம்பளம் கொடுப்பவன் சொன்னால் பழைய ஜோக்குக்கும் சிரிப்பு வரும்.

மார்ச் 6
சிட்டுவின் அம்மாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரல். சிட்டு எனக்குப் பக்கத்து இருக்கை. எங்களில் அவளுக்குத்தான் கை வேகம், அதனால் இந்தப் பட்டப்பெயர். அவளும் அம்மாவும் தவிர அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. லீவு கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை முதலீட்டாளர் வர்றாரு. அது மட்டும் முடியட்டும்” என்றான் அண்ணன். “உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

பாவம், அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 10
பின்னறைக் கதவில் ‘சர்வர் அறை’ என்று பலகை மாட்டியாகிவிட்டது. நாளை முதலீட்டாளர் வரும்போது, என்னைத் தவிர மற்ற ஆறு பேரையும் உள்ளே வைத்து வெளியே பூட்ட வேண்டுமாம். இருமக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. போன்களை அண்ணன் வாங்கி வைத்துக்கொள்வதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறான். உண்மையில் போன்களும் சாவியும் என்னிடம். நான் முன் மேஜையில் உட்கார்ந்து காபி கொடுக்க வேண்டும்.

“தங்கச்சிங்கிறதாலதான் உன்கிட்ட விடறேன்.”

விவாகரத்துக்குப் பிறகு என்னை மாடியறையில் வைத்துச் சோறு போடுபவன் அவன். நான் என்ன சொல்ல முடியும்?

மார்ச் 11
முடிந்தது. இன்று எழுத முடியாது.

மார்ச் 12
எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நானே மாற்றிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன்.

முதலீட்டாளர் தன்னுடைய சம்பளச் சீட்டையே படம் எடுத்து அனுப்பினார். பூட்டிய கதவுக்குப் பின்னால் அது சிட்டுவின் திரைக்குத்தான் போயிருக்கும். அப்போது என் மேஜை டிராயர் அதிர்ந்தது. சிட்டுவின் போன். ஆஸ்பத்திரி. நின்றது, மறுபடி அதிர்ந்தது. அப்புறம் ஒரு மெசேஜ் — ‘அம்மா உங்களைக் கேட்கிறார். உடனே வாங்க.’

போனைக் காபித் தட்டில் வைத்து எடுத்துப்போய் அண்ணனுக்கு நேராகக் குனிந்தேன். படித்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு, “அப்புறம்” என்றான்.

சாவி என் இடுப்பில் இருந்தது. கதவு பத்தடி தூரம்.

நான் இருக்கைக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தேன். டிராயரை மூடினேன்.

“மனுஷக் கை படாமலா இவ்வளவும்?” என்று அவர் கேட்டார். “ஒரு விரல்கூடப் படாது சார்” என்றான் அண்ணன். இரண்டாவது காபி குடித்தார்கள். எதிர்காலத்தைப் பற்றி ரொம்பப் பேசினார்கள்.

அவர் கார் கிளம்பிய பிறகுதான் ஓடினேன். கதவைத் திறந்து, “சிட்டு, உன் அம்மா—” என்றேன். மூச்சு வாங்கியது. அது நடிப்பா? தெரியல. நிஜமாவே தெரியல.

அவளோடு டாக்ஸியில் போனேன். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். நர்ஸ் பொல்லாதவள் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். “கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டிருந்தாங்க. யார் உள்ள வந்தாலும் ‘வந்துட்டியா’ன்னு கேட்டாங்க.”

மார்ச் 14
இறுதிச் சடங்கு. சிட்டு என் கையை விடவே இல்லை. “உங்கண்ணன் போனைப் பூட்டி வச்சிக்கிட்டாரு. நீதான்க்கா எப்படியோ பாத்துட்டு ஓடி வந்தே. நீ ஒருத்திதான்.”

இப்போதே சொல்லிவிடு என்று உள்ளுக்குள் யாரோ அடித்துக்கொண்டார்கள். நான் அவள் தலையைத் தடவினேன்.

மார்ச் 20
முதலீடு உறுதியாகிவிட்டது. அண்ணன் கேக் வெட்டினான். சிட்டுவுக்கும் ஒரு துண்டு அனுப்பினான்.

மார்ச் 24
ஆறு பேரும் சேர்ந்து முதலீட்டாளரிடம் உண்மையைச் சொல்லப் போகிறார்கள். “அக்கா முன்னாடி நின்னா போதும்” என்றாள் சிட்டு. சரி என்றேன். நிஜமாகவே நிற்கத்தான் நினைத்தேன்.

வீட்டில் அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவன் குரலை உயர்த்தவில்லை. “தாராளமா போங்க. சாவி யார் இடுப்புல இருந்துச்சுன்னு நானும் சிட்டுகிட்ட சொல்லிடறேன்.”

எங்கள் அம்மா பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. “கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டு எந்த வாசல்ல போய் நிப்பே?”

மார்ச் 26
அவர்களிடம் பேசினேன். நாமும் உடந்தை என்று ஆகிவிடும், வேறு எங்கும் வேலை கிடைக்காது என்றேன். நன்றாகவே பேசினேன். சிட்டுதான் முதலில் ஒப்புக்கொண்டாள். “அக்கா சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும்.” எங்களில் மூத்தவளான, ‘டீச்சர்’ என்று நாங்கள் கூப்பிடும் பெண் மட்டும் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அப்புறம் அவளும் எழுந்து போய்விட்டாள்.

மே 2
நிஜ இயந்திரம் வந்துவிட்டது. ஒரு மாதமாக அது செய்த தப்பையெல்லாம் ஆறு பேரும் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்கள். நேற்று ஆறு பேரையும் அனுப்பிவிட்டான். “நீ இரு” என்றான் என்னிடம்.

ஜூன் 19
அண்ணன் எனக்குத் தனியாக ஒரு சின்ன வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறான். வாடகை கம்பெனி கணக்கில். தங்கச்சி மேல் பாசம் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறாள்.

வேலை கிடைக்காமல், வாடகைக்கு வழியில்லாமல் இருந்த சிட்டுவை என்னோடு வைத்துக்கொண்டேன். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு கதை சொன்னால் மட்டும் சாப்பிடுகிறாள். இன்றும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு மெசேஜைப் பாத்ததும் நீ என்னக்கா பண்ணே?”

“பாத்ததும் ஓடி வந்துட்டேன்.”

“ஒரு நிமிஷம்கூட நிக்கலல்ல?”

“நிக்கல.”

சிட்டு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.