டயருக்குப் போட்ட விளக்கெண்ணெய்

வெம்பக்கோட்டை,
புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஊர்க்காவலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்களும் மாடுகளும் சுகம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா? சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உலையை வைத்துவிட்டு வாசலுக்கும் தொழுவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். மழை இன்னும் இல்லை. மாசமாக இருக்கும் உன் தங்கை வேலுத்தாய், அண்ணன் எப்போ வரும் என்று தினமும் கேட்கிறாள்.

விஷயம் வண்டிதான். போன தீபாவளிச் சீசன் முடிந்ததும், டயர் வண்டியை வெயிலில் போடாதீர்கள், அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், எண்ணெய் ஆகாது என்று அங்கே வேலை பார்க்கும் டயர் கடையில் கற்றதையெல்லாம் நீ எழுதினாய், நானும் வாசித்துக் காட்டினேன். உன் ஐயா கேட்டால்தானே. வெள்ளிக்கு வெள்ளி விளக்கெண்ணெயை ஊற்றி டயரை நீவிவிட்டு வெயிலில் நிறுத்தினார். கெணத்துத் தண்ணி எறைக்கிற கமலைத் தோலே எண்ணெ போட்டாத்தான் வெடிக்காம இருக்கு, இது மட்டும் என்ன வானத்துல இருந்தா வந்துச்சு, நீ சும்மா கெட என்று என்னை அடக்கிவிட்டார். இப்போது பார்த்தால் டயரெல்லாம் கோடைக் கரிசல் மாதிரி வெடித்துக் கிடக்கிறது, என் நகம் உள்ளே இறங்குகிறது.

கட்டை வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கல்லில் உரசினால் பொறி பறக்கும் என்றுதான் பட்டாசுக் கம்பெனியில் வெடி லோடை டயர் வண்டிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். சிவகாசி ரோட்டுச் சரளையில் இந்த டயர் கிழிந்து சக்கரத்து இரும்பு கல்லில் இறங்கினால் என்ன ஆகும்? பின்னால் அம்புட்டும் வெடி, முன்னால் உன் ஐயா. நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை லோடு ஏற்ற வரச் சொல்லிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை சோலைச்சாமி ஆள் விட்டிருக்கிறார். அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். சீசன்ல போயி வண்டிய நிப்பாட்டச் சொல்றியே, ஒனக்கென்ன கிறுக்கா என்கிறார். கடிதத்துக்கு மசிய மாட்டார், நீ நேரில் வந்து நின்றால் மறுபேச்சுக் கிடையாது. லீவு சொல்லிவிட்டு ரயிலேறு, வேறு டயர் மாட்டிவிட்டுப் போ.

அதுவரை வண்டி நகராது. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து, நீ முன்பு காட்டிய மாதிரியே இரண்டு டயரிலும் காற்றை இறக்கி வால்வு ஊசியைக் கழற்றிவிட்டேன், அது இல்லாமல் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. வீட்டில் எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுவார், அதனால் இந்தக் கவருக்குள்ளேயே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வேறு ஊசி கேட்டால் கொடுக்காதே என்று சைக்கிள் கடை வெள்ளைத்துரையிடமும் சொல்லிவிட்டேன்.

நோய்நொடியில்லாமல் நூறு வயது இரு, ராசா. எண்ணெய் தேய்த்துக் குளி, ஆனால் டயருக்குத் தேய்க்காதே. ஊசியைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதே, நீயே கையோடு கொண்டு வா. தொழுவில் ஐயா காற்றடிக்கும் சத்தம் கேட்கிறது. அடிக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
கருப்பம்மாள்