சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்

பழங்காநத்தம்,
12.7.2024

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

பெர்சி எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். ஆனையூரில் அத்தை மாமா சுகமா?

செவ்வாய்க்கிழமை மதியம் டயர் கடையில் கூட்டமில்லை. போனில் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருந்தேன். நேயர்களைப் பேசச் சொன்னார்கள், கூப்பிட்டேன், லைன் கிடைத்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம் என்றதும் நிகழ்ச்சி நடத்தின பொண்ணு, "குழந்தைங்க எத்தனை அண்ணே?" என்றது. "நான் ரெடிதாம்மா, எங்க டீச்சரம்மாவத்தான் கேக்கணும்" என்றேன். அது சிரித்தது, நானும் சிரித்தேன். விளையாட்டாக வந்த வார்த்தை. உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதற்காக வீட்டை விட்டுப் போவாயா? வந்துவிடு.

உன்,
பெர்சி


ஆனையூர்,
16.7.2024

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் பெயரைச் சொல்லவில்லைதான். உங்கள் பெயரையும் பழங்காநத்தத்தையும் சொன்னீர்களே.

ஸ்கூலில் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்வாணி டீச்சர் போனில் ஹெட்போன் வயரைச் செருகி, டீச்சர்கள் எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் ரேடியோ வைப்பார்கள். வயர் இல்லாவிட்டால் ஸ்டேஷன் எடுக்காது. உங்கள் குரல் வந்ததும், "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லி சத்தத்தைக் கூட்டச் சொன்னதே நான்தான். நீங்கள் சிரித்ததும் டீச்சர் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டில் குறை யாரிடம் என்று இருந்தது? "அம்மாவுக்குத் தெரிய வேணாம் ஜாய்ஸ்" என்று அன்று என் கையைப் பிடித்தீர்கள். நான்கு வருஷம் வாய் திறக்கவில்லை. வளைகாப்பு வீடுகளில் உங்கள் அம்மா என்னைப் பின்னால் தள்ளி நிற்க வைத்தபோதும் நின்றேன். உங்கள் மானத்துக்காக நான் சுமந்ததை ஊர் சிரிக்கச் சொல்லிவிட்டீர்கள்.

என்னிடம் சமாதானம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜாய்ஸ்


பழங்காநத்தம்,
22.7.2024

ஜாய்ஸுக்கு,

விளையாட்டு என்று எழுதியதும் பொய்தான். அந்தப் பொண்ணு கேட்டதும் பயந்து உன் மேல் தள்ளினேன்.

நேற்று வில்லாபுரம் போய் அம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தது. "அந்தப் புள்ளைய எம்புட்டுப் பேசியிருக்கேன். நீயும் பக்கத்துலதான இருந்த?" என்றது. ஆமாம் என்றேன். கிளம்பும்போது சாப்பிடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அம்மா உன்னைப் பார்க்க வருகிறது. நானும் வாரேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டது. அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவை. மறைத்தது நான்தான். உன்னை வா என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெர்சி


ஆனையூர்,
27.7.2024

அன்புள்ள உங்களுக்கு,

அத்தை வந்தார்கள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சாப்பிட வைத்து, நானே பஸ் ஏற்றிவிட்டேன். "அவன்கிட்ட என்னம்மா சொல்ல?" என்றார்கள். "நானே எழுதுறேன் அத்தை" என்றேன்.

அத்தையிடம் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் உங்கள் மேல் இருந்த மரியாதை இன்னும் திரும்பவில்லை. அது இல்லாமல் அங்கே வந்து சோறாக்கிப் போட என்னால் முடியாது.

அது வரட்டும். வாரேன்.

ஜாய்ஸ்