ஜிடிஜி என்றாள் யோகேஸ்வரி

மார்ச் 4, திங்கள்

மறுபடியும் தோல்வி. தோட்டத்து மண்ணில் கிடைத்த பாக்டீரியா, தேயிலையின் கொப்புள நோய்ப் பூஞ்சையைக் கொல்கிறது. அதன் மரபணுவை எடுத்து ஆய்வகப் பாக்டீரியாவுக்குள் வைத்தால், வருகிற புரதம் ஒன்றுக்கும் உதவவில்லை. தெளித்து ஒரு வாரம் ஆயிற்று, பூஞ்சை சௌக்கியமாக இருக்கிறது.

தோட்ட மேலாளர், துரை திருச்செல்வம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "லேபுக்கு ரெண்டு பேரு எதுக்கு டாக்டர்? ஒருத்தரு போதும்லா." அந்தச் சிரிப்பு எனக்குப் புரியாதா?

மார்ச் 7, வியாழன்

என் உதவியாளர் யோகேஸ்வரிக்கு முதுகலை முடித்ததிலிருந்து வாய் நீண்டுவிட்டது. கணக்கு எழுதும் கிராணி காளிமுத்து பக்கத்தில் நிற்கும்போதே ஆரம்பித்தாள்.

"டாக்டர், மரபணு தொடங்குற இடத்தையே நாம தப்பா எடுத்துட்டோம். ஏடிஜிக்கு முன்னாடி ஒரு ஜிடிஜி இருக்கு பாருங்க. புரதம் அங்கருந்துதான் ஆரம்பிக்குது. நாம தலைய வெட்டிட்டு உடம்ப மட்டும் வளக்கறோம்லா."

மரபணுவில் ஏடிஜி என்ற மூன்றெழுத்து வந்தால் 'புரதத்தைத் தொடங்கு' என்று பொருள், இது பள்ளிக்கூடப் பாடம். பாக்டீரியாவில் சில மரபணுக்கள் ஜிடிஜியிலும் தொடங்கும். அது எனக்குத் தெரியாதா? இவளா எனக்குச் சொல்வது?

"ஜிடிஜின்னா வாலின்ங்கிற அமினோ அமிலம். எந்தப் புரதம் வாலின்ல ஆரம்பிக்குது?" என்றேன்.

"நடுவுல வந்தாதான் வாலின். மொதல்ல நின்னா அதுவும் மெத்தியோனின்தான் டாக்டர்."

காளிமுத்து சிரித்துவிட்டார்.

மார்ச் 8

நாள் முழுக்க அவளைக் கண்ணாடிக் குடுவைகள் கழுவ வைத்தேன். கழுவினாள்.

மார்ச் 13, புதன்

அவள் சாப்பிடப் போன நேரத்தில், மரபணு தொடங்கும் இடத்தைத் தேடும் மென்பொருளைத் திறந்தேன். 'ஏடிஜி மட்டும்' என்ற கட்டத்தில் டிக். நான் போட்டதுதான், முடிவுகள் குழப்பமில்லாமல் வரட்டும் என்று. எடுத்துவிட்டு ஓட்டினேன். தொடக்கம் முன்னால் நகர்ந்து ஜிடிஜியில் போய் நின்றது. புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் வந்து உட்காரும் இடமும் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. நான் எடுத்த ஏடிஜிக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை.

சனியன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

முழு நீள மரபணுவை யாருக்கும் சொல்லாமல் கோலாலம்பூர் ஆய்வகம் ஒன்றில் செய்யக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

துரையிடம் போனேன். "தொடக்கத்த யோகேஸ்வரிதான் தப்பா எடுத்தா. நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை. மாதக் கடைசியோடு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார்.

மார்ச் 18, திங்கள்

அவள் அம்மா மணியம்மா ஆய்வக வாசலில் வந்து நின்றார். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தால்தான் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு. மணியம்மா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. யோகேஸ்வரியும் போனால் அந்த வீட்டில் தோட்ட வேலைக்கு யாரும் இல்லை.

"அவ வேலையிலதான் தாயி வீடு நிக்குது. ஒரு வார்த்த பேசி விடும்மா."

"துரை முடிவு பண்ணிட்டாரு. நான் என்ன பண்ண?"

கொல்லையில் காய்த்த பட்டாணி ஒரு பை கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படுவார் இல்லையா?

மார்ச் 31, ஞாயிறு

மணியம்மா வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்து ஊர் ரிங்லெட்டில் வாடகைக்கு ஓர் அறையாம். போகிற வழியில் யோகேஸ்வரி இறங்கி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

"டாக்டர், மென்பொருள்ல அந்த 'ஏடிஜி மட்டும்' டிக்க எடுத்துட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க. தோட்டத்துக்கு நல்லதுலா."

"பார்க்கிறேன்" என்றேன்.

சை. அழுதாவது தொலைத்திருக்கலாம்.

மே 21, செவ்வாய்

முழு நீளப் புரதம் வேலை செய்கிறது! இலைகள் சுத்தம். ஆய்வகப் பாக்டீரியாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஜிடிஜியின் முதல் எழுத்தான ஜி-யை ஏ ஆக்கி, ஏடிஜியாகவே செய்யச் சொல்லியிருந்தேன். எல்லோரும் செய்வதுதான். இப்போது பார்க்கிற யாருக்கும் அங்கே ஜிடிஜி இருந்ததே தெரியாது. துரை கை குலுக்கினார்.

ஜூன் 5, புதன்

சோதனைச் செடிகள் வைக்க இடம் கேட்டிருந்தேன். லயத்தில் காலியாகக் கிடந்த அந்த வீட்டையே கொடுத்துவிட்டார்கள். சாமி மாடத்தில் குங்குமக் கறை, வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். சன்னல் கிழக்குப் பார்த்தது, செடிகளுக்கு நல்ல வெளிச்சம்.

கொல்லையில் பட்டாணி பறிக்க ஆளில்லாமல் காய்த்துக் கிடந்தது. ஒரு பை நிறையப் பறித்து வந்தேன்.